விதையிலிருந்து ஜாடி வரை: வீட்டு உணவில் தற்சார்புக்கான முதல் ஆண்டு

தோட்டம் போட நினைப்பவர்கள் மண்வெட்டியோடு தொடங்குகிறார்கள். தற்சார்புதான் நோக்கம் என்றால் தொடங்க வேண்டிய இடம் அடுப்படி. செடிகள் காய்த்துத் தள்ளும் இரண்டு வாரத்தில் ஜாடியும் உப்பும் நேரமும் கையில் இல்லாமல் போவதால்தான் பல தோட்டங்களின் விளைச்சல் மட்குக் குழிக்குப் போகிறது. எதைச் சேமிக்கப் போகிறோம், அதற்கு எத்தனை கிலோ வேண்டும், அதற்கு எத்தனை செடி, அத்தனை செடிக்கு எவ்வளவு இடம் என்று கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பாத்தியின் அளவு தானாகவே வந்துவிடும்.

முதலில் எடைக்கணக்கு

நான்கு வாரத்துக்கு, சமைக்கும் முன் ஒவ்வொரு காயையும் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் 2 கிலோ தக்காளி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 104 கிலோ. நன்றாகப் பார்த்துக்கொண்ட செடி 2 முதல் 4 கிலோ வரை தரும். புதியவர்கள் 2 கிலோ என்றே பிடிக்க வேண்டும். முழுத் தேவைக்கும் 52 செடி என்று வருகிறது. முதல் ஆண்டில் அதற்கு ஆசைப்படாதீர்கள். 12 செடி வைத்தால் 24 கிலோ. பாதியை அவ்வப்போது சமைத்துவிட்டு மீதி 12 கிலோவை ஜாடியில் அடைக்கலாம். தோல் உரித்து நசுக்கிய தக்காளி 950 மில்லி ஜாடி ஒன்றுக்கு ஏறத்தாழ 1.25 கிலோ பிடிக்கும். ஆக, ஒன்பது ஜாடி. அந்த ஒன்பதையும் கெடாமல் அடைத்து, கடைசி ஜாடி வரை சமைத்துத் தீர்த்துவிட்டால் முதல் ஆண்டு வெற்றிதான்.

இன்னொரு கணக்கையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. உருளைக்கிழங்கு சதுர மீட்டருக்கு 2.5 கிலோ விளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதுர மீட்டரில் 25 கிலோ. 100 கிராமுக்கு 77 கலோரி என்றால் மொத்தம் சுமார் 19,000 கலோரி. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது பத்து நாளைக்குக்கூடப் போதாது. தானியமும் எண்ணெயும் கொல்லைப்புறத்தில் விளையும் பொருட்கள் அல்ல. காய்கறி, கீரை, மசாலாத் தழைகள் ஆகியவற்றில் தற்சார்பு பெறுவது சின்ன இடத்திலும் கைகூடும். எல்லாவற்றையும் நாமே விளைவிப்போம் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே களைத்துப்போவது இந்தக் கணக்கைப் போடாததால்.

முதல் ஆண்டுக்கு ஐந்து பயிர் போதும்: தக்காளி, பீன்ஸ், வெங்காயம், பூசணி, ஏதாவது ஒரு கீரை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் சேமிப்புக்குப் போகும் என்பதால் இந்த ஐந்து. தக்காளி ஜாடிக்கு. பீன்ஸ் பிஞ்சாக உறைபெட்டிக்கு, முற்றிய விதையாக டப்பாவுக்கு. வெங்காயமும் பூசணியும் அப்படியே அலமாரிக்கு. கீரை அன்றன்றைக்கு. கைவரும்போது உப்பில் ஊறவைக்க முட்டைக்கோஸ் அல்லது வெள்ளரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இடமும் பாத்தியும்

விடுமுறை நாள் ஒன்றில் காலையிலிருந்து மணிக்கொரு முறை நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். காய்க்கும் பயிர்களுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கீரைக்கு 4 மணி நேரம் போதும். வெயில் இல்லாத குறையை எந்த உரமும் ஈடுகட்டாது.

பாத்தியின் அகலம் 1.2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்கமும் உட்கார்ந்தபடி நடுப்பகுதியைக் கை எட்டிப் பிடிக்க வேண்டும். பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதிபட்ட மண்ணில் காற்றுப் புகாது, வேர் இறங்காது. நடைபாதை 45 செ.மீ., நீளம் 4 மீட்டர். இப்படி ஒரு பாத்தி ஏறத்தாழ 5 சதுர மீட்டர். 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசையாக வைத்தால் 12 தக்காளி ஒரு பாத்தியில் அடங்கிவிடும். முதல் ஆண்டுக்கு இதுபோல மூன்று அல்லது நான்கு பாத்தி போதும்.

மண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள உயரமான கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதி தண்ணீரும், ஒரு சிட்டிகை சோப்புத்தூளும் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களிமண் படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மூன்று அடுக்கின் உயரத்தையும் அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். மணல் மிகுந்த மண்ணுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். களிமண்ணை ஈரமாக இருக்கும்போது கொத்தக் கூடாது. கொத்தினால் கட்டிகட்டியாகக் காய்ந்து செங்கல்போல ஆகிவிடும். களிமண்ணில் மணலைக் கலந்து இளக்கப் பார்ப்பதும் தவறு, அது இன்னும் இறுகும். இரண்டு வகை மண்ணுக்கும் மருந்து மட்கு உரம்தான்.

புல் மண்டிய தரை என்றால் தோண்ட வேண்டிய அவசியம் இல்லை. பசைநாடாவை உரித்த அட்டைப்பெட்டிகளை விரித்து, ஓரங்கள் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, மேலே 10 முதல் 15 செ.மீ. மட்கு உரம் போட்டால் அடியிலுள்ள புல் வெளிச்சமின்றி மடியும், அட்டையும் மட்கிப்போகும். ஓரங்கள் ஏறாமல் விட்ட இடுக்கு வழியாகத்தான் களை மீண்டும் தலைகாட்டும்.

மட்கு

பருவம்தோறும் பாத்தியின் மேல் 5 செ.மீ. மட்கு பரப்ப வேண்டும். 5 சதுர மீட்டர் பாத்திக்கு அது 250 லிட்டர், அதாவது 50 லிட்டர் மூட்டை ஐந்து. நான்கு பாத்திக்கு இருபது மூட்டை. ஆகவே மட்கைச் சொந்தமாகச் செய்வது தற்சார்பின் முதல் படி.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறியது சூட்டைப் பிடித்துவைக்காது. சருகு, காய்ந்த புல், கிழித்த அட்டை போன்ற உலர்ந்தவை இரண்டு முதல் மூன்று பங்கு. காய்கறித் தோல், பச்சைப் புல், எரு போன்ற பச்சை ஒரு பங்கு. எடையில் அல்ல, கூடைக் கணக்கில். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்டுகிற ஈரம் சரியான பதம். நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். சூடு தணிந்ததும் புரட்டுங்கள். இப்படி நான்கைந்து முறை புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் மண்வாசனையோடு உதிரும்.

குவியலில் மூக்கை எரிக்கும் நெடி வந்தால் பச்சை அதிகம், சருகு சேர்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் அதிகம், காற்றில்லை. புரட்டிப் போட்டுச் சருகு கலக்க வேண்டும். நாற்றமும் இல்லை, சூடும் இல்லை என்றால் காய்ந்துபோயிருக்கிறது. இறைச்சி, எண்ணெய், நோய் தாக்கிய செடி ஆகியவற்றைப் போடாதீர்கள்.

வெளியிலிருந்து வாங்கும் எருவிலும் வைக்கோலிலும் ஓர் ஆபத்து உண்டு. அமினோபைரலிட் போன்ற சில களைக்கொல்லிகள் கால்நடையின் வயிற்றைக் கடந்து, மட்கிய பிறகும் நிலைத்திருக்கும். அந்த எரு விழுந்த பாத்தியில் தக்காளியும் பீன்ஸும் இலை சுருண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். புதிய எருவைப் பாத்தியில் போடும் முன் அதைக் கலந்த மண்ணில் ஒரு தொட்டியும், கலக்காத மண்ணில் ஒரு தொட்டியுமாகப் பீன்ஸ் விதைத்து மூன்று வாரம் பாருங்கள். இரண்டும் ஒரேபோல் வளர்ந்தால் போடலாம்.

விதைப்பும் நாள்கணக்கும்

விதையின் தடிமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் விதைக்க வேண்டும். பொடி விதைகளை மேலே தூவி மெல்ல அழுத்தினால் போதும். தக்காளியை நாற்றங்காலில் ஐந்தாறு வாரம் வளர்த்து, பிறகு 7 முதல் 10 நாள் வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூடுதலாக. நேராக வெயிலில் வைத்த நாற்றின் இலை வெளுத்துக் கருகிவிடும். நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதியை மண்ணுக்குள் புதையுங்கள். புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். பீன்ஸையும் பூசணியையும் நேரடியாகப் பாத்தியில் விதைப்பது நல்லது, வேர் அசைவதை அவை விரும்புவதில்லை. பீன்ஸுக்கு 15 செ.மீ., வெங்காயத்துக்கு 10 செ.மீ., படரும் பூசணிக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி.

விதைப் பொட்டலத்தில் 75 நாள் என்று போட்டிருந்தால் தக்காளிக்கு அது நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணும் கணக்கு, விதைத்த நாளிலிருந்து அல்ல. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒன்றரை மாதம் பிந்துகிறவர்கள் ஏராளம். பனி, கடும் வெயில், அடைமழை என உங்கள் இடத்தில் பயிரை முடித்துவைக்கும் பருவம் எதுவோ, அதன் தொடக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறியுங்கள்.

அன்றாடச் சமையலுக்கான பயிரையும் சேமிப்புக்கான பயிரையும் ஒரே மாதிரி விதைக்கக் கூடாது. கீரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு முழ வரிசையாகக் கொஞ்சம் கொஞ்சமாக விதையுங்கள். ஜாடிக்குப் போகும் தக்காளி மொத்தமாகப் பழுக்க வேண்டும். நாளுக்கு நாலு பழம் என்று வந்தால் ஒரு பாத்திரம்கூட நிறையாது. குறிப்பிட்ட உயரத்தோடு வளர்ச்சி நின்று, மூன்று நான்கு வாரத்துக்குள் மொத்தமாகக் காய்த்து ஓயும் ரகங்கள் உண்டு. சேமிப்புக்கு அவை. கொடிபோல் வளர்ந்துகொண்டே மாதக்கணக்கில் காய்க்கும் ரகம் சமையலுக்கு. 12 செடியில் எட்டு சேமிப்பு ரகம், நான்கு சமையல் ரகம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்த பருவத்தில் அதே பாத்தியில் அதே குடும்பப் பயிரை வைக்காதீர்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றும். குறைந்தது மூன்று ஆண்டு இடைவெளி விடுவது நல்லது.

தண்ணீர்

வாரத்துக்கு 25 மி.மீ. என்பது பொதுவான அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். ஆகவே 5 சதுர மீட்டர் பாத்திக்கு வாரம் 125 லிட்டர், கடும் வெயிலில் அதற்கும் மேல். இதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, ஆழமாக இறங்கும்படி விடுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும், ஒரு நாள் மறந்தாலும் செடி வாடும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, அங்கே ஈரமிருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். 40 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 400 லிட்டர் விழும். சிந்தியது, முதல் அழுக்கு நீர் போக 300 லிட்டராவது பிடிக்கலாம். சருகோ வைக்கோலோ 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டு.

அடிக்கடி நேரும் நான்கு சிக்கல்

நாற்று அடித்தண்டில் நூல்போல இளைத்து ஒரே இரவில் சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரமும் நெருக்கமும் காற்றின்மையும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. மறுபடி விதைக்கும்போது தட்டை அடியிலிருந்து நனையவிட்டு, மேல்மண்ணைக் காயவிடுங்கள்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் ஆனால் நுனி அழுகல். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும். தண்ணீர் ஒரு வாரம் வெள்ளமும் மறு வாரம் வறட்சியுமாக இருப்பதால் செடியால் அதை மேலே கொண்டுபோக முடிவதில்லை. மூடாக்கு போட்டுத் தண்ணீரைச் சீராக்கினால் அடுத்து வரும் காய்கள் சரியாகிவிடும்.

செடி கருகருவென்று செழித்துப் பூக்காமல் நின்றால் தழைச்சத்து மிகுதி. எருவை நிறுத்துங்கள். பூத்தும் உதிர்ந்தால் வெப்பத்தைப் பாருங்கள்: பகலில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தக்காளிப் பூ கருத்தரிப்பதில்லை. நிழல்வலை ஓரளவு உதவும், மற்றபடி வெயில் தணியும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

வேலையே இல்லாத சேமிப்பு

அடுப்போ மின்சாரமோ இல்லாமல் நிற்பவற்றிலிருந்து தொடங்குங்கள். வெங்காயத்தின் தாள்களில் பாதிக்கு மேல் தானாகச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்திப் பிடுங்குங்கள். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி இரண்டு மூன்று வாரம் விட்டால் கழுத்து இறுகிக் காகிதம்போல் ஆகும். கழுத்து தடித்தே இருப்பவை முதலில் அழுகும், அவற்றைப் பிரித்து முதலில் சமைத்துவிடுங்கள். பூசணித் தோலில் நகம் இறங்காவிட்டால் முற்றிவிட்டது. 8 செ.மீ. காம்போடு அறுங்கள், காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், முறிந்த இடம் வழியாக அழுகல் நுழையும். 27 டிகிரி அளவு வெதுவெதுப்பில் பத்து நாள் வைத்துவிட்டு 10 முதல் 15 டிகிரி உள்ள உலர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் இருக்கும். வெப்பம் கூடக்கூட அந்தக் காலம் சுருங்கும். உருளைக்கிழங்குக்கு இருட்டு கட்டாயம். பச்சைபட்ட கிழங்கில் சோலனைன் என்னும் நச்சு கூடியிருக்கும், பச்சையை ஆழமாகச் சீவி எறியுங்கள், நிறைய இருந்தால் கிழங்கையே எறியுங்கள். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் வைத்தால் இரண்டும் கெடும்.

உலர்த்துதல்

5 மி.மீ. கனத்தில் ஒரே சீராக வெட்டுவதுதான் இதில் பாதி வேலை. கனம் மாறினால் ஒன்று கருகும்போது இன்னொன்றில் ஈரம் இருக்கும். பீன்ஸ், கேரட் போன்றவற்றைக் கொதிநீரில் மூன்று நிமிடம் முக்கி எடுத்த பிறகே உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நொதிகள் வேலை செய்து நிறமும் சுவையும் போகும். உலர்த்தும் பெட்டியில் காய்களுக்கு 55 முதல் 60 டிகிரி, தழைகளுக்கு 35 டிகிரி. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேல்புறம் ஓடுபோல் இறுகி உள்ளே ஈரம் சிறைப்படும். வெளியே காய்ந்ததுபோல் தெரிந்து பத்து நாளில் ஜாடிக்குள் பூஞ்சணம் பிடிப்பது இதனால்தான். வெயிலில் உலர்த்த 30 டிகிரிக்கு மேல் வெப்பமும் 60 விழுக்காட்டுக்குக் குறைவான காற்று ஈரப்பதமும் வேண்டும். வலை போட்டு மூடி, பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

காய்கள் ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ஆறியதும் ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, ஒரு வாரம் முதல் பத்து நாள் தினமும் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியில் நீர்த்துளி தெரிந்தால் திரும்பவும் உலர்த்துங்கள். முற்றிய பீன்ஸ் விதைகளைச் சமையலுக்கு எடுத்துவைக்கும் முன் உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தால் உள்ளிருக்கும் வண்டு செத்துவிடும்.

உப்பில் புளிக்கவைத்தல்

ஒரு கிலோ முட்டைக்கோஸுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசு வேண்டும். கல்லுப்பும் பொடியுப்பும் ஒரே கரண்டியில் வெவ்வேறு எடை. உப்பு 2 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அழுகச் செய்யும் கிருமிகள் முந்திக்கொள்ளும்; மிகுந்தால் புளிப்பு ஏறாமல் இழுக்கும்.

கோஸை 2 மி.மீ. அளவுக்குச் சீவி, உப்பைத் தூவிப் பத்து நிமிடம் கையால் பிசைந்தால் சாறு இறங்கும். ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு முஷ்டியால் அமுக்குங்கள். மேலே ஒரு முழு இலையை மூடி, சுத்தமான கண்ணாடி எடை வைத்து, சாறு 2 செ.மீ. மேலே நிற்கும்படி பாருங்கள். சாறு போதவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்புக் கரைத்து ஊற்றலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கரையுங்கள், குளோரின் நல்ல கிருமிகளையும் கொல்லும். ஜாடியின் வாயில் 5 செ.மீ. இடம் விட்டு, காற்று வெளியேறும்படி மூடியைத் தளர்வாக வையுங்கள்.

18 முதல் 22 டிகிரியில் மூன்று நான்கு வாரம் ஆகும். 30 டிகிரியில் ஐந்தாம் நாளே சுவைத்துப் பாருங்கள். வேகமாகப் புளிக்கும், சற்றுக் கொழகொழப்பாகவும் ஆகும். மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்தால் அது ஈஸ்ட், வழித்தெடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் ரோமம்போல் வந்தாலோ அழுகல் நாற்றம் அடித்தாலோ முழுவதையும் கொட்டுங்கள். காற்றுப் பட்ட இடத்தில்தான் பூஞ்சணம் வரும், ஆகவே காய் சாற்றுக்கு மேலே தலைகாட்டவே கூடாது. புளிப்பு பிடித்ததும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். வெள்ளரிக்கு லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கரைசல். பூ இருந்த நுனியில் 2 மி.மீ. வெட்டிவிடுங்கள், காயை மெத்தென்று ஆக்கும் நொதி அங்கேதான் இருக்கிறது.

ஜாடியில் அடைத்தல்: இங்கே ஊகத்துக்கு இடமில்லை

1810-இல் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர், உணவைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறைக்காக 12,000 பிராங்க் பரிசு பெற்றார். உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்ச்சர் கிருமிகளைக் காட்டியது அரை நூற்றாண்டுக்குப் பிறகு. இன்று காரணம் தெரியும். அதனால் விதிகளும் உண்டு.

மண்ணில் எங்கும் இருக்கும் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த, ஈரமான இடம் அவற்றுக்குச் சரியான வீடு. மூடிய ஜாடி அதுவேதான். அவை சுரக்கும் நஞ்சு நரம்பைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும். நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6-க்குக் கீழே இருந்தால் வித்து முளைக்காது. ஆகவே புளிப்பான பொருளைக் கொதிநீரில் பதப்படுத்தலாம். பீன்ஸ், கேரட், கீரை, கிழங்கு, இறைச்சி ஆகியவற்றுக்கு 116 டிகிரிக்கு மேல் போகும், அழுத்தமானி அல்லது எடை வால்வு உள்ள, ஜாடி அடைப்பதற்கென்றே செய்த பெரிய அழுத்தப் பாத்திரம் வேண்டும். சமையல் குக்கர் அதற்கு ஈடாகாது. சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடுவதால் ஜாடியின் நடுப்பகுதிக்குப் போதிய சூடு போய்ச் சேராது. முதல் ஆண்டில் இந்தக் காய்களை உறையவையுங்கள், உலர்த்துங்கள், ஜாடிக்கு வேண்டாம்.

தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கும் பழம். ரகத்தையும் பழுப்பையும் பொறுத்து 4.6-ஐத் தாண்டவும் கூடும். அதனால் புளிப்பு சேர்த்தே ஆக வேண்டும். கீழே உள்ள நேரம் 950 மில்லி, 475 மில்லி ஜாடிகளுக்குச் சோதித்தது. இதைவிடப் பெரிய ஜாடிக்குப் பொருந்தாது.

1. விளிம்பு உடையாத ஜாடிகளைக் கழுவி வெந்நீரிலேயே வைத்திருங்கள். மூடி புதிதாக இருக்க வேண்டும்.

2. அழுகல், அடி படாத பழங்களைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, குளிர்நீருக்கு மாற்றித் தோலை உரியுங்கள்.

3. ஆறில் ஒரு பங்கை நான்காக வெட்டிப் பாத்திரத்தில் போட்டு, உடனே தீயைக் கூட்டி நசுக்கிக் கொதிக்கவிடுங்கள். மீதியை வெட்டி வெட்டிச் சேர்த்துக் கிளறி, எல்லாம் சேர்ந்தபின் 5 நிமிடம் கொதிக்கட்டும். வெட்டி வைத்துவிட்டு நேரம் கடத்தினால் சாற்றைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டினைச் சிதைக்கும் நொதி வேலை செய்து, ஜாடியில் தண்ணீர் தனியாகவும் சதை தனியாகவும் பிரிந்து நிற்கும்.

4. 950 மில்லி ஜாடி ஒவ்வொன்றிலும் 2 மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு அல்லது அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போடுங்கள். 475 மில்லிக்குப் பாதி. பழத்தைப் பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், பாட்டில் சாற்றில் அது ஒரே அளவு.

5. சூடாகவே நிரப்பி, மேலே 12 மி.மீ. இடம் விடுங்கள். குச்சியால் காற்றுக் குமிழியை வெளியேற்றி, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, மூடியை விரல்நுனி இறுக்கத்துக்கு மட்டும் திருகுங்கள்.

6. ஜாடிகளுக்கு மேல் 2.5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். தளதளவென்று கொதி வந்த பிறகே கடிகாரத்தைப் பாருங்கள்: 950 மில்லிக்கு 45 நிமிடம், 475 மில்லிக்கு 35 நிமிடம். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் 5 நிமிடம், 900 மீட்டருக்கு மேல் 10 நிமிடம், 1,800 மீட்டருக்கு மேல் 15 நிமிடம் கூட்டுங்கள். உயரம் கூடினால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்.

7. அடுப்பை அணைத்து 5 நிமிடம் பொறுத்து, ஜாடிகளை நேராகத் தூக்கித் துணிமேல் வையுங்கள். 12 முதல் 24 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். உள்வாங்கி அசையாமல் இருந்தால் சரி. டக்கென்று மேலெழும்பினால் அடைபடவில்லை, குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் சமைத்துவிடுங்கள்.

வெங்காயம், பூண்டு, மிளகாய், எண்ணெய் எதையும் உங்கள் விருப்பத்துக்குச் சேர்க்காதீர்கள். காய்கள் புளிப்பைக் குறைக்கும், எண்ணெய் சூடு உள்ளே போவதைத் தடுக்கும், சோதித்த நேரம் பொய்யாகிவிடும். தாளிப்பைத் திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அறைச்சூட்டில் வைப்பதும் அதே போட்டுலினம் கிருமியால் ஆபத்து. வினிகரில் ஊறவைக்கும்போது 5 விழுக்காடு அமிலம் என்று எழுதியிருக்கும் வினிகரையே வாங்குங்கள், தண்ணீரின் அளவு வினிகரைத் தாண்டக் கூடாது. மூடி உப்பினாலோ, திறக்கும்போது சீறினாலோ, சந்தேகம் எழுந்தாலோ நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். யாரும் விலங்கும் தொடாதபடி ஜாடியோடு அப்புறப்படுத்துங்கள்.

உறையவைத்தல் எளிது: பீன்ஸை 3 நிமிடம், கீரையை 2 நிமிடம் கொதிநீரில் முக்கி, அதே நேரம் பனிநீரில் ஆற்றி, ஈரம் ஒற்றி, காற்றைப் பிழிந்த பையில் மைனஸ் 18 டிகிரியில். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் இதை மட்டும் நம்பாதீர்கள்.

எல்லா ஜாடியிலும் பொருளின் பெயர், அடைத்த நாள் எழுதி, பழையதை முன்னால் வையுங்கள். ஓராண்டுக்குள் தீர்க்க முடியாத அளவு அடைக்க வேண்டாம். எந்த ஜாடி எந்த மாதம் தீர்ந்தது என்று அதே நோட்டில் குறித்தால் அடுத்த ஆண்டு எத்தனை செடி என்பது தெரிந்துவிடும்.

மீண்டும் விதை

வீரிய ஒட்டு ரகத்தின் விதை தாயைப்போல் வராது. விதை எடுக்க வேண்டுமானால் தொடக்கத்திலேயே அப்படியல்லாத ரகம் வாங்க வேண்டும். தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் புதியவர்களுக்கு ஏற்றவை. பூசணிக் குடும்பத்தில் தேனீக்கள் ரகம்விட்டு ரகம் மகரந்தத்தைக் கலந்துவிடும். அப்படிக் கலந்த விதையில் வரும் காய் கசந்தால் துப்பிவிடுங்கள், அந்தக் கசப்பு நஞ்சு.

மிக நல்ல செடியின் நன்கு பழுத்த பழங்களிலிருந்து விதையைச் சாற்றோடு எடுத்து, இரண்டு மூன்று நாள் ஒரு கோப்பையில் புளிக்கவிட்டால் மேலுள்ள வழவழப்பு கரையும். அலசி, அடியில் தங்கிய விதையை மட்டும் பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். பீன்ஸைக் கொடியிலேயே நெற்று கலகலக்கும்வரை விட்டு, பல்லால் கடித்தால் பதியாத அளவுக்குக் காயவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ந்த இருட்டில், ரகமும் ஆண்டும் எழுதி வையுங்கள். நன்கு காய்ந்த தக்காளி விதை நான்கு ஐந்து ஆண்டு முளைக்கும், பீன்ஸ் மூன்று, வெங்காயம் ஓரிரு ஆண்டு மட்டும்.

அடுத்த விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி, வெதுவெதுப்பான இடத்தில் பத்து நாள் வைத்துப் பாருங்கள். எட்டோ அதற்கு மேலோ முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். ஆறு ஏழு என்றால் பாதிப் பங்கு கூடுதலாக விதையுங்கள். ஐந்தோ அதற்குக் கீழோ என்றால் புதிய விதை தேட அந்த ஒரு மாதம் கையில் இருக்கும்.